நீலக் குவளை அளவு

என்னங்க,

இன்றைக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு உங்கள் போன் "டிங்" என்றது. ஃபிரிட்ஜுக்கு மேலே, நீங்கள் வைக்கிற அதே இடத்தில்தான் அது இருக்கிறது. சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. எடுத்துப் பார்த்தால் அந்தச் சமையல் ஆப். "இன்று என்ன சமைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்கிறது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அது இன்னும் உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

முன்பெல்லாம் இந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த ஆப் நம் வீட்டுக்குள் வந்த கதை உங்களுக்குத் தெரியாததா? முப்பது வருடம் ரந்தாவைச் சுற்றியிருக்கிற தோட்டங்களிலிருந்து எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றி லாரி ஓட்டினீர்கள். முட்டி ஒத்துழைக்கவில்லை என்று வேலையை விட்டீர்கள். நான் இன்னும் பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜொகூரிலிருந்து நம் மகள் வந்தவள், "அப்பா, இப்படி டிவி முன்னாலயே உட்கார்ந்திருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்? சமைங்கப்பா. அம்மா வேலை முடிஞ்சு வர்றப்ப சோறு ரெடியா இருந்தா நல்லதுலா" என்று உங்கள் போனில் அதைப் போட்டுக் கொடுத்து, வருடச் சந்தாவையும் தன் கார்டிலேயே கட்டினாள். உங்களுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது.

கேட்டால் ஊர் சிரிக்கும். புருஷன் சமைக்கிறேன் என்று நின்றால் எவளாவது கோபப்படுவாளா? நான் பட்டேன். பேக்டரியில் சூப்பர்வைசர் சொல்கிறபடிதான் கை ஆட வேண்டும். அதற்கு முன் தோட்டத்தில் மண்டோர் சொன்னபடி. கல்யாணமான புதிதில் உங்கள் அம்மா சொன்னபடி. அடுப்படி ஒன்றுதான் பிறகு என் கைக்கு வந்தது. கோயில் அன்னதானத்தில் சாம்பார் கொதிக்கும்போது, ஆவியை முகர்ந்தே உப்பு பத்தவில்லை என்று சொல்வேன். என்னைக் கூப்பிட ஆள் அனுப்புவார்கள். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. அந்த அடுப்படிக்குள் நீங்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, போனை மைலோ டின்னில் சாய்த்து வைத்து நின்றால்?

முதல் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு ஓவர்டைம் இல்லை. பின்வாசல் கிரில் வழியாகப் பார்த்தேன். ஒரு கப் பருப்பு என்று ஆப் சொல்கிறது. நீங்கள் உங்கள் அம்மாவின் நீல எனாமல் குவளையை எடுக்கிறீர்கள். ரப்பர் பால் வெட்டப் போகையில் அவர் தேத்தண்ணி கொண்டுபோன குவளை. அது தாராளமாக இரண்டு கப் பிடிக்கும். பருப்பும் அதில்தான், தண்ணீரும் அதில்தான், தளும்பத் தளும்ப. உப்புக்கு மட்டும் சின்ன ஸ்பூன். அதையும் கத்தி முதுகால் வழித்து மட்டம் செய்கிறீர்கள். மிளகாய்த்தூளுக்கும் அப்படியே. லாரியை எடைமேடையில் ஏற்றிய ஆள் இல்லையா? "அளவுன்னா அளவுதான் புள்ள. கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்பீர்களே.

சரி, கொதிக்கும்போது ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருந்தாலாவது தெரிந்திருக்கும். அதுவும் மாட்டீர்கள். சாமிக்கு வைக்கிறதற்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்பது உங்கள் அம்மா வளர்த்த வளர்ப்பு. தினமும் சின்னக் கிண்ணத்தில் எடுத்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் தட்டுப் போடுவீர்கள். பாவம், நம் வீட்டில் முதலில் உப்புச் சப்பில்லாமல் சாப்பிட்டது அவர்தான்.

பார்த்த மாத்திரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ, அது பெரிய குவளைங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். சாப்பிட உட்கார்ந்ததும், "என்ன இது, பருப்பு கழுவின தண்ணியா?" என்றேன்.

அதிலிருந்து தினமும் இதே கூத்துத்தான். ரசம், கூட்டு, குர்மா என்று நீங்கள் புதிது புதிதாக எடுத்துச் செய்வீர்கள். எல்லாம் இரண்டு மடங்கு நிறையும், பாதி உப்போடு. "ரெண்டு பேருக்குன்னு போட்டிருக்கான், நாலு பேருக்கு வருது. எழுதினவன் தாராள மனசுக்காரன்" என்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். நான் தட்டிலேயே உப்பைத் தூவிக்கொள்வேன். நான் பாதியில் கையைக் கழுவினால் நீங்கள் போனை எடுத்து ஏதோ தட்டுவீர்கள். என்ன தட்டுகிறீர்கள் என்று ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை.

அப்புறம் அந்தப் பொங்கல் வாரத்து ஞாயிற்றுக்கிழமை. போர்டிக்சனிலிருந்து உங்கள் தங்கச்சி குடும்பத்தோடு வந்தாள். மூன்று நாளாக நீங்கள் தேடித் தேடி, ஆப்பில் ஒரு காய்கறி பிரியாணியைப் பிடித்து வைத்திருந்தீர்கள். விடியற்காலையிலேயே பசாருக்குப் போய்ப் புதினா வாங்கி வந்தீர்கள். எல்லாரும் ஒரு வாய் வைத்தார்கள். தங்கச்சி கை மெல்ல ஊறுகாய்ப் பக்கம் போனது. நான் சும்மா இருந்தேனா? "நம்ம வீட்ல உப்புக்குத் தனியா சந்தா கட்டணும் போல. உங்கண்ணன் அதை இன்னும் கட்டலலா!" என்றேன். வீடே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். கண் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை.

எல்லாரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டீர்கள்.

"எங்க தப்புன்னு உனக்குத் தெரியும் புள்ள. கொஞ்சம் சொல்லேன்."

"உங்க போன்கிட்டயே கேளுங்க."

இதைத்தான் சொன்னேன். வேறு எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா இந்த வாய்?

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "இனிமே நீயே ஆக்கிரு. என் கையில ருசி இல்ல" என்றீர்கள். குவளையைத் துடைத்து மேல் தட்டில் வைத்தீர்கள். முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டு, அந்தச் சண்டையிலாவது உண்மையைக் கொட்டியிருப்பேன். அடுப்படி எனக்கே திரும்பி வந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். நல்ல நாளாகப் பார்த்து விஷயத்தைச் சொல்லிச் சிரிக்கலாம், குழம்போடு குழம்பாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குப் பிறகு மூன்றே மாதம். ஒரு காலையில் பசாரிலிருந்து வந்தவர், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். தண்ணீர் எடுத்துக்கொண்டு நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்றைக்கு மகள் போன் செய்தாள். "அம்மா, அப்பாவோட அந்த ஆப் வருச முடிவுல புதுப்பிக்கணும். வேணாம்னு போட்டுரவா? யார் பார்க்கப் போறா?" நியாயமான கேள்விதான். "இரு, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அப்புறம்தான் உங்கள் போன் கூப்பிட்டது. முதல் தடவையாக அதைத் திறந்து உள்ளே போனேன்.

ஒவ்வொரு சமையலுக்கும் கீழே குறிப்பு எழுத இடம் வைத்திருக்கிறான். நீங்கள் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியிருக்கிறீர்கள். என்னைத் திட்டித்தான் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன்.

"பருப்பு சாம்பார். உப்பு பத்தல. அவ ரெண்டாவது தடவை கேக்கல."

"தக்காளி ரசம். அவளுக்கு ஓவர்டைம், களைச்சு வந்தா. ரெண்டாவது தடவை கேக்கல."

"கத்திரிக்காய்க் கூட்டு. நல்லா இருக்குன்னு நெனச்சேன். கேக்கல."

நாற்பது, ஐம்பது குறிப்பு. எல்லாவற்றிலும், நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேனா இல்லையா என்கிற இதே கணக்குத்தான். நான் என்ன கேலி பேசினேன் என்று ஒரு இடத்தில்கூட இல்லை. கடைசியாகப் பிரியாணிக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள்: "அளவு எல்லாம் சரியாத்தான் போட்டேன். எங்க தப்பு?"

எனக்குச் சத்தம் போட்டு அழ வந்தது. அழுதேன். பக்கத்து வீட்டம்மா வேலி ஓரம் வந்து, என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு எழுந்தேன். நாற்காலி போட்டு மேல் தட்டிலிருந்து குவளையை எடுத்தேன். உங்கள் முதல் சாம்பாரையே எடுத்து, ஆப் சொல்லச் சொல்ல, நீங்கள் செய்த மாதிரியே செய்தேன். பருப்பு ஒரு குவளை, தண்ணீர் நாலு குவளை. ஸ்பூனைக் கத்தி முதுகால் வழித்தேன். ஆனால் உப்பை மட்டும் இரண்டு தடவை போட்டேன், மிளகாய்த்தூள், மல்லித்தூள் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகப் போட்டேன். முகர்ந்து பார்க்கவில்லை, ருசி பார்க்கவில்லை. கிண்ணத்தில் எடுத்து முதலில் முருகனுக்கு, பிறகு உங்கள் படத்துக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

நன்றாக இருந்ததுங்க. அவ்வளவு நன்றாக இருந்தது. கையில் ருசி இல்லை என்று நம்பிக்கொண்டே போய்விட்டீர்களே, பாவி நான் பார்த்துக்கொண்டு இருந்தேனே.

மகளுக்குப் போன் போட்டு, சந்தாவை நிறுத்த வேண்டாம், இனி நான் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். குவளை இனி அடுப்புப் பக்கத்திலேயே இருக்கும். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உங்கள் கேள்விக்குக் கீழே தட்டினேன். எனக்கும் ஒற்றை விரல்தான்.

"குவளை பெரிசுங்க. ரெண்டு கப் பிடிக்கும். உப்பு ரெண்டு ஸ்பூன் போடணும். உங்க கையில குத்தமில்ல. எனக்கு மொத நாளே தெரியும்."

அப்புறம் மேலே போய், சாம்பாருக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்.

"இன்னிக்கு ரெண்டாவது தடவை கேட்டேன்."