அவர் கழற்றி வைத்தாரா, அண்ணே?

பாசமுள்ள சவரி அண்ணனுக்கு,

நீ போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. ராயப்பன்பட்டியில் நீ பூசை முடித்து வந்திருப்பாய். கல்யாணத்துக்குப் பிறகு கத்தோலிக்கத்தை விட்டுச் சபைக்கு மாறிய நான், காமயகவுண்டன்பட்டியில் ஆராதனை முடித்து, சாப்பிட்ட கையோடு உனக்குப் போன் போடுவேன். "என்ன தாயி, இன்னைக்கு ஒங்க பாஸ்டர் என்ன சொன்னாக?" என்பாய். அப்புறம் சண்டைதான். இப்போது சாப்பிட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுவோம். மனுசனாகப் பிறந்தபோது இயேசு தன் கடவுள்தன்மையை விட்டுவிட்டு வந்தாரா, கூடவே வைத்திருந்தாரா? விட்டுவிட்டுத்தான் வந்தார் என்பது என் கட்சி. "இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு கெணத்துல குதிக்கிறவனுக்கு பயம்னா என்னன்னு தெரியுமாண்ணே?" என்று கேட்பேன்.

நீ சிரிப்பாய். "கடவுளா இருக்கறது என்ன சட்டையா புள்ள, கழட்டி ஆணியில மாட்ட? கழட்டிட்டா வந்தது வேற ஆளுல்ல? வேற ஆளு வந்து செத்தா நமக்கென்ன?"

நான் மறுபடியும் கிணற்றுக்கே வருவேன். "ரெண்டு பேரும் சேந்து அவரையும் நிம்மதியா இருக்க விடமாட்டீக" என்று மதினி பின்னாலிருந்து சத்தம் போடும்.

ஆபரேசனுக்கு முந்தின சாயங்காலம், தேனி ஆஸ்பத்திரியில், மதினி டீ வாங்கப் போன நேரம் என் கையைப் பிடித்தாய். திராட்சைப் பந்தலுக்குக் கம்பி இழுத்துக் காய்ப்பேறிய கை.

"பயமாருக்கு தாயி. அவருக்கும் இப்படித்தான இருந்திருக்கும்? சிலுவைக்குப் பிடிச்சுட்டுப் போறதுக்கு முன்னாடி, அந்தத் தோட்டத்துல... என்ன ஆகும்னு தெரியாமத்தான இருந்திருப்பாரு?"

"ஆமாண்ணே. நடுங்கித்தான் போயிருப்பாரு."

கண்ணை மூடிக்கொண்டாய். முகம் கொஞ்சம் லேசானது. ஒருவழியாக என் கட்சிக்கு வந்துவிட்டாய். ஆனால் நான் வராண்டாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து, உன்னைக் காப்பாற்றச் சொல்லி யாரிடம் கேட்டேன் தெரியுமா? நடுங்குகிறவரிடம் இல்லை அண்ணே. புயலை அதட்டி அடக்கினவரிடம். ஒன்றையும் கழற்றி வைக்காதவரிடம். உன் கட்சிக்காரரிடம்.

நீ ஆபரேசனிலிருந்து எழுந்திருக்கவில்லை.

போன மாதம் எங்கள் சபையில் இதே பேச்சு வந்தது. வாலிபப் பிள்ளைகள் போனில் ஏதோ பிரசங்கம் பார்த்துவிட்டு இரண்டு பக்கமாக நின்றார்கள். "அக்கா, நீங்கதான் அண்ணன்கூட இதப் பேசிக்கிட்டே இருப்பீகளே, நீங்க சொல்லுங்க" என்றார் பாஸ்டர். எழுந்தேன். நீ பேசியதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். "சரி, நீங்க என்ன நெனைக்கிறீக?" என்றார். எதிரே நீ இல்லாமல் என் பக்கத்தை நான் யாரிடம் பேச? உட்கார்ந்துவிட்டேன்.

இந்நேரம் நீ அவரை நேரிலேயே பார்த்திருப்பாய். கேட்டாயா? கையில் அந்தச் சிலுவை ஆணித் தழும்பு இன்னும் இருக்கிறதா? மேலே போன பிறகும், மனுசனாக இருந்ததைக் கழற்றி வைக்காமல்தான் இருக்கிறாரா? எனக்கு இப்போது அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

மதினி மகனோடு திருப்பூர் போய்விட்டது. வீடு பூட்டிக் கிடக்கிறது. செத்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் சபையில் கிடையாது. அதனால் கல்லறைத் திருநாளுக்கு நான் இத்தனை வருசமாக வந்ததில்லை. இந்த வருசம் பஸ் ஏறி வருவேன். பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். உன் தலைமாட்டில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அது எரிந்து முடிகிற மட்டும் அங்கனயே உட்கார்ந்திருப்பேன் அண்ணே.

உன் கூடப்பிறந்தவள்,
அமலி