நான்கு வரி மரணக் குறிப்பு

இன்றைக்குத் தபாலில் சங்கத்து இதழ் வந்தது. வழவழப்பான தாள், முழுக்க மலையாளம், அட்டையில் கலர் படம். கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். இந்த மாதம் இறந்துபோன உறுப்பினர்கள் ஐந்து பேர். ஆளுக்கு நான்கு வரி. பெயர், ஊர், வயது, லைசென்ஸ் எண். அட கடவுளே, அது இன்னுமா அப்படியே இருக்கிறது! அந்த நான்கு வரியை முதன்முதலில் எழுதியவன் நான். எழுதியது உனக்கு.

இதழை நடத்தியது நீ என்றுதான் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் எல்லோரும் நினைத்தார்கள். பத்திராதிபர், அதாவது ஆசிரியர் என்று உன் பெயர் இருந்ததே தவிர, ஏழு பேர் கமிட்டி கை தூக்காமல் ஒரு வரி அச்சுக்குப் போகாது. நிலப் பத்திரத்தை நம் பக்கம் ஆதாரம் என்போம். அதை எழுதிப் பிழைக்கிறவர்களின் சங்கம் இல்லையா நம்முடையது? புத்தி எங்கே போகும்! இதழின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். "எலே, இது மாசிகையா, வஸ்து விக்கிய ஆதாரமா?" என்று நீ சிரிப்பாய். காரியதரிசியான நான் சிரிக்காமல் கையெழுத்துப் போடுவேன்.

மரணக் குறிப்புக்கு மட்டும் கமிட்டி கிடையாது. திருப்புறம் ஊரைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் இறந்தபோது, குறிப்பைத் தமிழில் போடுவதா மலையாளத்தில் போடுவதா, 'உத்தமர்' என்ற சொல் தேவையா என்று உள்ளே ஏழு பேரும் கூச்சல் போட்டோம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வெட்கத்தில் பிறந்த விதி அது. செத்தவர் வீட்டில் எழுதிக் கொடுப்பதில் ஓர் எழுத்தைக்கூட யாரும் வெட்டக் கூடாது.

பிறகு எல்லைப் போராட்டம் வந்தது. காரோடு என்ற ஊரில் இருந்த நம் உறுப்பினன், சின்ன வயது, அழகான கையெழுத்து. எங்களைத் தமிழ்நாட்டோடு சேருங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்க, அவன் மனு எழுதிக் கொடுத்தான். அதற்காகப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் அவனுடைய வலது கை விரல்களை உடைத்து அனுப்பினார்கள். எழுதிப் பிழைக்கிறவனின் விரல்களை! நீ அரைப் பக்கம் எழுதிக் கமிட்டிக்குக் கொண்டுவந்தாய்.

"இது அரசியலாக்கும். நாளைக்கு லைசென்ஸ் போனா நமக்கு யாரு கஞ்சி ஊத்துவா?" என்றார் தலைவர். போட வேண்டாம் என்று ஏழு கையும் உயர்ந்தது. ஒன்று என்னுடையது. ஒன்று உன்னுடையது. வெளியே வந்ததும் நீ ரோட்டோரம் குந்தி உட்கார்ந்தாய். "எனக்க கை எப்பிடிலே மேல போச்சு?" என்று கேட்டாய். எனக்கு என்ன தெரியும்? என் கை எப்படிப் போனது என்பதே தெரியவில்லை.

அந்த வருடமே உனக்கு மாரடைப்பு. முப்பத்தெட்டு வயதில்! சர்ச்சில் அடக்கம் முடிந்த கையோடு உன் மனைவி ஒரு கவரை நீட்டினாள். "அவிய எழுதி வச்சது. மாசிகையில போடணுமாம்." பிரித்தவன் திடுக்கிட்டுப் போனேன். உன் மரணக் குறிப்பை நீயே எழுதியிருந்தாய். உன்னைப் பற்றி இரண்டே வரி. மிச்சமெல்லாம் காரோட்டுக்காரனைப் பற்றி. எங்கே பிடித்தார்கள், எத்தனை விரல், யார் பார்த்தார்கள். கடைசியில், 'இதை மறைக்கக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.' வேறு யார் பெயரும் இல்லை. அடியில் முதல் சாட்சியாக உன் மனைவியின் கையெழுத்து. இரண்டாவது இடத்தில் என் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தாய். பேனாவைத் திறந்தேன், மூடினேன்.

கமிட்டிக்குப் போக வேண்டியதே இல்லாத அதை, தனியாகப் போடப் பயந்து, நான்தான் அங்கே கொண்டுபோய் வாசித்தேன். முடித்ததும் தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "செத்தவன் நம்மள எல்லாரையும் ஜெயில்ல கொண்டு இடப் பாக்கியான்" என்றார். வெட்டக் கூடாது என்று விதி உண்டே என்றேன். தலைவர் மேசையைத் தட்டினார்.

"அப்போ விதியை எடுத்துக் களைவோம். தீந்துல்லியா?"

இனி எல்லோருக்கும் ஒரே மாதிரி நான்கு வரி என்று தீர்மானம். நீ இல்லாமல் ஆறு பேர்; ஆதரித்து மூன்று கை, எதிர்த்து இரண்டு. மிச்சம் நான். எதிர்த்திருந்தால் சமம், சமமானால் தீர்மானம் விழும். அடுத்த மாதம் என் லைசென்ஸ் புதுப்பிக்கும் மாதம். என் கை தீர்மானத்துக்கு ஆதரவாக உயர்ந்தது. நீ என்னிடம் கேட்ட கேள்வியை நான் யாரிடம் போய்க் கேட்பது, சொல்.

இதழ் வெளிவந்த வாரம் காரோட்டுக்காரன் ஆபீசுக்கு வந்தான். கை துண்டுக்குள் இருந்தது.

"அண்ணா, அவரு என்னப் பத்தி எழுதி வச்சிருந்ததா அக்கா சொன்னாவ. இதுல காணல்லியே?"

நான் மேசையைத் திறந்து உன் காகிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே இரண்டு தடவை வாசித்தான். "எல்லாம் உள்ளதாக்கும்" என்றான். காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணா, ஒரு காரியம். நான் செத்தா எனக்க குறிப்பா இதையே போடணும். மரணக் குறிப்பை யாருக்கும் வெட்ட முடியாதுல்லா?"

"முடியாது மக்கா, யாருக்கும் முடியாது" என்றேன்.

அவனுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இடது கையால் எழுதப் பழகி, பேரன் பேத்தி எல்லாம் எடுத்துவிட்டான். எங்கே பார்த்தாலும் என்னை நிறுத்தி, "அண்ணா, நம்ம கடலாசு பத்திரமா உண்டுல்லா?" என்று கேட்கிறான். காகிதம் என்னிடம் உண்டு என்கிறேன். அவன் நிம்மதியாக நடந்து போகிறான்.