வட்டுப் பிரிவினைக்கு யானைப்படை வேண்டா என விடுத்த ஓலை

கழி வற்றாதிருக்க, மின்விளக்கு அணையாதிருக்க, வடகரைச் சீமையில் மழையும் நெல்லும் யானைக்கன்றும் பெருகுக. அறுபத்து நான்கு ஊர்க்கு ஒரு குடை நிழற்றும் நறுங்கானல் நாட்டரசி, மாலை வகுப்பில் கணினி பயில்பவர், எதையும் மும்முறை எண்ணிய பின்னும் ஐயம் தீராதவர், கயற்கொடியார், தம் தந்தைக்கு இளையவரும் முப்பத்திரண்டு யானை உடையவருமான சிற்றப்பனார் திண்கோவனார் திருமுன் விடுக்கும் ஓலை.

சிற்றப்பனார் எல்லைக் கற்களை யானைமேல் ஏற்றி ஆற்றின் அக்கரையில் பாசறை இறங்கியிருப்பதாக இன்று காலை செய்தி வந்தது. அரசியார் பிட்ட இட்டலி தட்டிலேயே நின்றது. படை எதற்கென்று தங்கள் தூதர் சொல்லேறனாரை வினவ, “பாகப்பிரிவினை செய்துவிட்டு எதற்கென்று கேட்டால் எப்படித் தாயே? உங்கள் கைப்பட எழுதிய ஏட்டை நான்தானே படியெடுத்து அனுப்பினேன்!” என்று பெருமையாகவே மொழிந்தார். அந்த ஏட்டைப் பார்த்ததும் அரசியார்க்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் யானைகளின் நினைவு வந்தது.

ஏட்டின் தலைப்பு “பிரிவினை: மொத்தம் அறுபத்து நான்கு” என்பது மெய். “வேருக்கு இருபது, வீட்டுக்கு முப்பது, பதிவுக்கு ஆறு, மாற்றுக்கு நான்கு” என்பதும் அரசியார் கையெழுத்தே. ஆயினும் அவை ஊர்கள் அல்ல, ஜிபிகள். பிரிக்கக் கருதியது நாடு அன்று. அரசியார் தமக்கென ஒரு சிறு வலைத்தளம் நடத்த வைத்திருக்கும் சர்வர் என்னும் கணினியின் சேமிப்பு வட்டு. அது உள்ளங்கையில் அடங்கும். வேர் என்பது சர்வரை இயக்கும் மென்பொருள்கள் குடியிருக்கும் பகுதி. அப்பெயரில் அரசியார்க்குத் தம்பி எவரும் இலர். வீடு என்பது அவர் எழுதும் பக்கங்களும் படங்களும் வாழும் இடம். தளத்துக்கு வருவோர் போவோர் அனைவரையும் சர்வர் ஓயாது குறித்துவைக்கும். அக்குறிப்பு வீங்கி வேரை அடைத்தால் தளமே மூச்சடங்கும் என்று அஞ்சிப் பதிவுக்குத் தனிச்சுவர் கருதினார். மாற்று என்பது நினைவகம் நிரம்பும்போது சர்வர் சுமை இறக்கிவைக்கும் இடமே அன்றி, மாற்றாந்தாய் மக்களுக்கு ஒதுக்கிய பங்கு அன்று.

இவ்வளவும் கேட்டுத் தலையைச் சொறிந்த தூதர், “உள்ளங்கையோ உலகமோ, அது இருக்கட்டும் தாயே. எங்கள் அரசர் கேட்பது ஒன்றுதான். எல்லாவற்றையும் கூட்டினால் அறுபதுதான் வருகிறது. மிச்சம் நாலை எங்கே ஒளித்தீர்கள்? அந்த நாலுக்காகத்தானே இத்தனை ஆனையும் ஆற்றைக் குடித்துக்கொண்டு நிற்கின்றன!” என்றார்.

அரசியார் விரல்விட்டு எண்ணினார். ஏட்டில் எழுதிக் கூட்டினார். வகுப்புத் தோழியை அழைத்துக் கூட்டச் செய்தார். அறுபதேதான்! பன்னிரண்டு நாள் அழித்து அழித்து எழுதிய திட்டத்தில் நான்கு ஜிபி எவர்க்கும் இன்றிக் கிடந்ததை, படையெடுத்து வந்தவர் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். அதுவும் வட்டைப் பிரிக்கக் குறித்த இன்றைய மாலைக்கு முன்பே. அரசியார் எழுந்து கைகொட்டி ஆடினார். தூதர் காரணம் அறியாமலே உடன் ஆடினார்.

ஆகவே, கூட்டலில் வழுவாத சிற்றப்பனார்க்கு அந்த நான்கும் இவ்வோலையால் உரிமையாயின. அவற்றில் தம் யானைகளுக்கென ஒரு தளம் நடத்திக்கொள்க. வேறு பங்கு கேட்டு ஒரு தோணியும் ஆறு கடத்தல் ஆகாது.

கயல் பொறித்த அரக்கு முத்திரையிட்டு அரசியார் இடும் ஆணை: எல்லைக் கற்கள் வந்த வழியே திரும்புக. யானைக்கு ஒரு வீடியோவாக, பிளிறலோடு, நாளைக்குள் அனுப்புக. நான்கில் அடங்காவிடில் வீடியோவைக் குறைக்கவும். யானையைக் குறைத்தல் ஆகாது.