பிரியாவின் இரண்டாம் ஊசி

பிரியா,

காலையில் கிளினிக்கிலிருந்து போன். உண்ணிக்காய்ச்சல் தடுப்பூசி, இரண்டாம் டோஸ் வந்துவிட்டதாம். "நம்மகிட்ட மாடே இல்லீங்களே" என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டார். "மாட்டுக்கில்லீங்க, ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போற உங்க சம்சாரத்துக்குங்க. அங்க உண்ணி கடிச்சா மூளைக்காய்ச்சல் வருமுங்க."

போன மாதம் கை வீங்கியபோது, ஆணி கீறியதற்குப் போட்ட ஊசி என்றாய். நம்பி ஒத்தடம் கொடுத்தேன். ராத்திரி தனியாக இருக்கப் பயம் என்றாய். மில்லில் நைட் ஷிப்டையே விட்டுவிட்டு வந்தேன். இன்னும் எத்தனை சொன்னாயோ.

குக்கரில் அரிசிம்பருப்புச் சாதம் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். என் சாவியை டிவி பக்கத்தில் வைத்துவிட்டேன். சிங்காநல்லூரில் அண்ணன் வீட்டில் இருப்பேன். கூப்பிட வேண்டாம்.

கிருபா

பி.கு: நாளைக் காலையில் வரச் சொன்னார்கள். தவறாமல் போய்ப் போட்டுக்கொள். சொல்லியிருந்தால் முதல் ஊசிக்கே நான் வண்டியில் கூட்டிப் போயிருப்பேன்.