‘கிவ்’ என்னும் வினையை நீ கையாண்ட வகை

ரேணிகுண்டா நிலையத்தில் சித்தூர் வண்டிக்காகக் காத்திருக்கிறேன். என் பக்கத்தில் ஒரு சரக்கு எழுத்தர் அமர்ந்து, மடியில் விரித்த ஆங்கிலப் பாடநூலைப் பார்த்து வாய்விட்டு உருப்போட்டுக்கொண்டிருக்கிறார். பதவி உயர்வுத் தேர்வாம். பழைய தாளின் மணமும் நிலக்கரிப் புகையும் கலந்து வருகின்றன. “கிவ், கேவ், கிவன்” என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பல் கூசுகிறது. உன்னைப் புதைத்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. அதற்குள் அந்தச் சொல்லை வேறொருவர் வாயிலிருந்து கேட்க நேர்ந்துவிட்டது.

வேறு எவரிடமும் காட்ட முடியாத சினம் இது. ஆகையால் உனக்கே எழுதுகிறேன். புத்தூர் ஜமாபந்தியிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறேன். ஆண்டுக்கொருமுறை ஆட்சியாளர் கூடாரம் அடித்து, நிலவரிக் கணக்கையும் குடிகளின் குறைகளையும் கேட்கும் அதே இடம். நாம் இருவரும் சேர்ந்து போய், சேர்ந்து நின்று, வெளியே வந்ததும் தவறாமல் சண்டையிட்ட இடம். இம்முறை நான் மட்டும் போனேன். சண்டையிட ஆளில்லாமல் திரும்புகிறேன்.

நீ சித்தூர் மிஷன் சபையின் பழங்குடும்பத்தில் பிறந்தவன். ஞாயிறுதோறும் வெள்ளைக்காரப் பாதிரியாரின் அருளுரையைச் சொற்றொடர் சொற்றொடராய்த் தமிழில் பெயர்த்துச் சொன்னாய். மற்ற நாட்களில் மருத்துவமனையில் நோயாளியின் வயிற்றுவலியை மருத்துவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாய். நானோ பிறமொழி கலவாத் தமிழை மேடைதோறும் முழங்கித் திரிந்தவன். நமக்குள் நட்பு எப்படி வேர்விட்டது என்று இருவர் வீட்டாரும் வியந்தார்கள். வறுத்த வேர்க்கடலையும் வாக்குவாதமும்தான் விடை. உன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து இரண்டையும் உடைத்துக்கொண்டே இருந்தோம்.

உன் அகராதியில் அந்த ஒரு சொல் பக்கம் பக்கமாய் ஓடியதை முதன்முதலில் காட்டிய நாள் நினைவிருக்கிறது. ஒரு வினைக்கு இத்தனை பொருள் என்றால் அது மொழியின் வறுமை என்றேன் நான். நீ கடலைத் தோலை ஊதிவிட்டுச் சிரித்தாய்.

“தலை ஒண்ணுதாம்பா. வாலுதான் வேலை செய்யுது. பின்னாடி ‘அப்’ வச்சா, கையை வுட்டுட்டான். ‘இன்’ வச்சா, பணிஞ்சிட்டான். ‘வே’ வச்சா, மழைக்கு ஆத்துப் பாலம் புட்டுக்குது பாரு, அது.”

“‘அவே’ என்றும் ஒன்று போட்டிருக்கிறதே.”

“கோயில்ல தகப்பன் பொண்ண கட்டிக் குடுக்கறதும் அதான். மறைக்க வேண்டியத உளறிடறதும் அதான்.”

“மகளைக் கொடுப்பதும் உளறிக் கொட்டுவதும் ஒன்றா?”

“உங்க வூட்டு கல்யாணத்துல உளறாம எவன்பா பொண்ணு குடுத்தான்?”

நான் விடவில்லை. கொடுத்தலுக்கு நம்மிடம் மூன்று வினைகள் உண்டு. தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் ‘ஈ’ என்பான், ஒத்தவன் ஒத்தவனிடம் ‘தா’ என்பான், உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் ‘கொடு’ என்பான். இந்த நுட்பம் உன் ஆங்கிலத்தில் எங்கே என்று கேட்டேன். மேடையில் அந்த இடத்தில் கைதட்டல் எழும். நீ கைதட்டவில்லை.

“மூணு சொல்லு வச்சிக்கினு மூணு பேர மேலயும் கீழயும் நிக்க வச்சிட்ட. இங்க ஒரே சொல்லு. ராஜாவும் அதுலதான் கேக்கணும், பிச்சைக்காரனும் அதுலதான் கேக்கணும். நீதான எல்லாரும் சமம்னு மைக்கு இல்லாமலே கத்தறவன்?”

  எனக்கு இன்றுவரை மறுமொழி கிடைக்காத ஒன்றைச் சொல்லிவிட்டு நீ போய்ச் சேர்ந்துவிட்டாயே என்பதும் என் சினத்தில் ஒரு பங்கு.

இந்தச் சொல்லாராய்ச்சி நம் கூடத்தோடு நின்றிருந்தால் கேடில்லை. நகரிக்கு அப்பால், எல்லையோரத்து நெசவாளர் சிற்றூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவ்வூர்ப் பள்ளியில் இருந்த ஒரே தமிழ் வகுப்பை மூடிவிட்டு, தமிழாசிரியரை வேறிடம் மாற்றப்போகிறார்கள் என்றார்கள். அறை போதவில்லையாம். பிள்ளைகள் தெலுங்கிலேயே படிக்கட்டும் என்று உத்தரவாம். ஜமாபந்திக்குத் துரை வருகிறார், நீங்கள் வந்து பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே நீயும் வந்தாய்.

புறப்படுமுன் நீ எச்சரித்தாய். “வினைய முன்னாடி போடுபா. நீ எல்லாத்தையும் சொல்லி முடிச்சி கடைசில போடற. அது வர்ற வரிக்கும் துரை முன்னாடி நான் வாயத் தொறந்துக்கினு நிக்கணும். ஒரு சொற்றொடர் சொல்லு. நிறுத்து. எனக்கு வுடு.” ‘சொற்றொடர்’ என்பதை மட்டும் என் குரலிலேயே சொன்னாய்.

“ஒரு துரையின் காதுக்காக என் தமிழ் தலைகீழாய் நிற்காது” என்றேன்.

“சரி. பேச்சக்கூட அவங்க பேசறது இல்ல, குடுக்கறாங்க. ‘கிவ் எ ஸ்பீச்’. குடுத்தா வாங்கறவன் கையில இன்னாவாவது இருக்கணும். அத்த மட்டும் நெனப்புல வச்சிக்கோ.”

நான் அதை நினைவில் வைக்கவில்லை. கூடாரத்தில் பேசினேன். வேங்கடத்தை வட எல்லையாகக் கொண்ட மொழியின் தொன்மையில் தொடங்கினேன். தாய்மொழி மறுக்கப்பட்ட குழந்தையின் நாவைப் பற்றிப் பேசினேன். முற்றுப்புள்ளியே இல்லாத என் நெடுந்தொடரில், வினை எங்கோ தொலைவில் வந்துகொண்டிருந்தது. வெளியே நின்ற நெசவாளர்கள் நெக்குருகினார்கள். நீ கைகளைக் கட்டிக்கொண்டு என் வினைக்காகக் காத்து நின்றாய். துரை தம் கடிகாரத்தைப் பார்த்தார். நான் முடித்தேன். நீ தொண்டையைச் செருமிவிட்டு, ஒரு மூச்சுக்குள் அடங்கும் ஆங்கிலத்தில் எதையோ சொன்னாய். அவ்வளவுதான். என் வேங்கடம், என் தொன்மை, குழந்தையின் நா, எல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் போயின.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. துரை ஏதோ கேட்டார். நீ என்னைக் கேளாமலே விடை சொன்னாய். அவர் மறுபடி கேட்டார். நீ மறுபடி சொன்னாய். எனக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது நீ கற்பித்த அந்த ஒரு வினை மட்டுமே. அது அவர் வாயிலிருந்து உன் வாய்க்கும், உன் வாயிலிருந்து அவர் வாய்க்கும் போய்வந்துகொண்டிருந்தது. கொடுப்பது யார், பெறுவது யார் என்று எனக்கு விளங்கவில்லை. அறைகூவல் விடுத்த நான் நட்டுவைத்த கம்பமாய் நின்றேன்.

நீ என் பக்கம் திரும்பவில்லை. வெளியே நின்றவர்களைப் பார்த்துத் திரும்பினாய்.

“துரை வாத்தியார குடுக்கறேன்றாரு. ஒரு வருசத்துக்கு. எடம் மட்டும் நீங்க குடுக்கணும். பள்ளிக்கூடத்துல ரூமு இல்லியாம். யாரு வூட்ல கீது?”

 சேலை நெய்யும் ஒரு பெண் முன்னால் வந்தாள். “எங்க தறிக்கூடத்துல ஒரு பக்கம் காலியா கீது. சத்தம் வரும். பரவால்லியா?”

“சத்தம் பழகிடும்மா. இவுருகூட நான் பழகிக்கினு இல்ல?” என்று என்னைக் காட்டினாய். எல்லாரும் சிரித்தார்கள். துரை, அது என்ன சிரிப்பு என்று கேட்டார். அதையும் மொழிபெயர்த்தாய். அவரும் சிரித்தார். கையெழுத்திட்டார்.

திரும்பும் வண்டியில் நான் வெடித்தேன். உரிமை கேட்கப் போனவனை நீ பேரம் பேசுபவனாக்கிவிட்டாய் என்றேன். அரசு கட்ட வேண்டிய அறையை ஏழை நெசவாளியின் தலையில் கட்டிவிட்டாய் என்றேன். நீ சன்னல் வழியே ரேணிகுண்டாப் பக்கத்து வயல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்:

“நீ கேட்டது சரித்திரம்பா. அந்த ஆளுகிட்ட சரித்திரம் இல்ல. வாத்தியாருதான் இருந்தாரு. இருக்கறத கேட்டேன்.”

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் போனோம். ஓராண்டுக்கென்று வாங்கிய உத்தரவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தறிச் சத்தத்துக்கிடையே பிள்ளைகள் தமிழ் படித்தார்கள். என் சொற்றொடர்களை நான் சுருக்கிக்கொண்டேன். உனக்காக அல்ல, உன் வாயால் என் பேச்சு முழுதும் பாழாகாதிருக்கவே. ஒன்று சொல்வேன், நிறுத்துவேன், நீ பெயர்ப்பாய். என்றாலும் என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு ஆண்டு கையேந்தும்படி ஒரு மொழியை வைத்தது தவறு. நிலையான ஆணையை அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் ஒன்றும் கிடைத்திராது என்பாய் நீ. அதையும் என்னால் மறுக்க முடியவில்லை. இப்படி இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்திவிட்டுக் காய்ச்சலில் படுத்தாய். நீ வேலை செய்த அதே மருத்துவமனையில், உன் நோயை எவரும் மொழிபெயர்க்கத் தேவையின்றி, இரண்டு மொழியிலும் நீயே சொல்லிக்கொண்டு போய்விட்டாய்.

இன்று நடந்ததைக் கேள்.

இம்முறை வந்த ஆட்சியாளர் நம்மவர். தமிழ் தெரிந்தவர். இதை அறிந்ததும் என் நெஞ்சு நிமிர்ந்தது. இடையில் எவரும் வேண்டாம். என் தமிழ் நேரே செல்லும். இத்தனை ஆண்டு நான் சுருட்டிவைத்த நெடுந்தொடர்களை எல்லாம் விரித்தேன். அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நான் முடித்ததும் கைகூப்பினார்.

“இப்படிப்பட்ட தமிழைக் கேட்டு நெடுநாளாயிற்று. உள்ளம் குளிர்ந்தது. ஆவன செய்யப்படும்” என்றார்.

பெருமிதத்தோடு வெளியே வந்தேன். தறிக்கூடத்துப் பெண் காத்திருந்தாள்.

“இன்னா சொன்னாருண்ணா?”

“என் தமிழில் உள்ளம் குளிர்ந்தது என்றார், அம்மா.”

“வாத்தியாரு வருவாரா?”

“ஆவன செய்யப்படும் என்றார்.”

“அப்டின்னா?”

 அவள் பொறுமையாகத்தான் பேசினாள். “நாங்களும் வெளிய நின்னு கேட்டுக்கினுதான் இருந்தோம். கேக்க அழகா இருந்துச்சி. வாத்தியார பத்தின பேச்சு எந்த எடத்துல வந்துச்சின்னுதான் தெரில.” பிறகு, “அவுரு இருந்தா…” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது தெரியுமா? என் மொழியில் ஒரு சொல்லும் அறியாத துரை கொடுத்தார். ஒவ்வொரு சொல்லையும் அறிந்த நம்மவர் பாராட்டை மட்டும் கொடுத்துவிட்டு, அடுத்தவரை அழைத்துவிட்டார். வாழ்நாள் முழுதும் நான் எதற்காகத் தொண்டை கிழியப் பேசினேன் என்று கூடாரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுபடி உள்ளே போனேன். வாயிலில் நின்ற சேவகன் தடுத்தான். “உங்க முறை ஆயிப்போச்சி சாமி. மறுபடி இன்னாத்துக்கு?” அவன் கையை விலக்கிவிட்டு, வரப்புத் தகராற்றுக்கு வந்த ஓர் உழவருக்குப் பின்னால் நின்று, என் முறை வந்ததும் ஆட்சியாளரின் மேசைமுன் போய் நின்றேன். அவர் மறுபடியும் ஓர் உரையை எதிர்பார்த்து முகம் மலர்ந்தார்.

“தறிக்கூடத்துப் பள்ளிக்கு இந்த ஆண்டும் தமிழாசிரியர் வேண்டும்” என்றேன்.

சொல்லிவிட்டு நிறுத்தினேன். நீ எப்போதும் நிற்கும் இடப்பக்கம் தலையைச் சிறிது திருப்பி, பெயர்த்துச் சொல்வாய் என்று காத்திருந்தேன். அதை எண்ணிச் செய்யவில்லை. பழகிப்போன உடல் தானாகச் செய்தது. அங்கே எவரும் இல்லை என்று நான் உணர்வதற்குள் கூடாரம் முழுதும் அமைதியாகிவிட்டது. மறுமொழிக்காகவே நான் நிற்கிறேன் என்று அவர் எண்ணிக்கொண்டார். எழுத்தரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். வாயிலில் நின்ற நெசவாளர்களைப் பார்த்தார். பாராட்டிவிட்டுக் கடந்துபோக அந்த அமைதியில் ஒன்றுமே இல்லை. எழுதுகோலை எடுத்தார்.

“ஓராண்டுக்கு” என்றார்.

ஓராண்டு கிடைத்துவிட்டது. அந்தப் பெண் தறிகளை ஒதுக்கப் போய்விட்டாள். எனக்கோ சினம் தணியவில்லை. என் தமிழுக்குக் கைகூப்பியவர், உனக்காக நான் விட்ட இடைவெளிக்குக் கையெழுத்திட்டார். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

சித்தூர் வண்டி வரும் ஓசை கேட்கிறது. நாளை மறுநாள் திருப்பதியில் ஒரு கூட்டம். முழுக்கத் தமிழர் கூட்டம். மொழிபெயர்ப்புக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் ஒரு சொற்றொடர் முடிந்ததும் என் வாய் தானாக நிற்கப்போகிறது. இடப்பக்கத்தில் ஓராள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் நான் நிற்கப்போகிறேன். கூட்டம் அதை என் மேடைக்கலை என்று எண்ணிக் கைதட்டும். தட்டட்டும். அவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கமாட்டேன்.