தண்ணீர் குடித்த படகு

என் அன்பான படகு முதலாளிக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. நானும் மகளும் சுகம். அங்கே உங்கள் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நீங்கள் நடுவில் புகுந்து, "சரி சரி, வித்தாச்சா இல்லையா?" என்பீர்கள். அதனால்தான் கடிதம். மிதக்கிறது! உங்கள் படகு மிதக்கிறது!

"இனி நான் எப்ப வந்து முடிக்கிறது, விலைக்குக் கேக்குற அந்த ஓட்டல்காரருக்கே தள்ளிவிடு" என்று போன மாதம் சொன்னீர்கள். வாசலை அடைத்துக்கொண்டு கிடந்த சனியன் தொலைந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் அதை நடுவில் அறுத்து, முன்பாதியை வரவேற்பறையில் நிமிர்த்தி வைத்துப் பூச்சாடி அடுக்கப் போகிறாராம். எனக்கு வயிறு எரிந்தது. அறுப்பதற்கு முன் ஒருமுறையாவது தண்ணீரில் விட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

பலகையெல்லாம் நீங்கள் மாற்றிவிட்டுப் போயிருந்தீர்கள். இடுக்குகளில் பஞ்சுத் திரி அடைப்பதுதான் பாக்கி. நானும் மகளும் தலையணைக்குப் பஞ்சு திணிப்பது போல இறுக்கி இறுக்கி அடித்தோம். தச்சர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "பலகை ஊறி உப்பும்போது எங்கேம்மா போகும்? உள்ள இருக்கிற சட்டமெல்லாம் உடைஞ்சிடும்!" என்று ஒரே சத்தம். அடித்ததில் பாதியைப் பிடுங்க வைத்தார். அழுகையே வந்துவிட்டது. உங்கள் மகளோ, "அப்பாவை நினைச்சுக்கிட்டே அடிச்சியாம்மா?" என்று கேட்கிறாள்.

ஒருவழியாக ஆற்றில் இறக்கினோம். இறக்கியதுதான் தாமதம், எல்லா இடுக்கிலும் தண்ணீர்! கண் முன்னே விளிம்புவரை மூழ்கிப்போனது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தச்சர் அதைப் பிடுங்கிக்கொண்டு, "விடும்மா, காஞ்சு கெடந்த மரம், நல்லா குடிக்கட்டும். ஊறினாத் தானா மூடிக்கும்" என்றார். அந்த நேரம் பார்த்தா ஓட்டல்காரர் வர வேண்டும்! "முங்கிப்போனதையா என் தலையில கட்டப் பாக்குறீங்க?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சில நாள் ஊறவிட்டு இறைத்தோம். அடியில் கையை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தேன். புதிதாக ஒரு சொட்டு வரவில்லை! நானும் மகளும் ஏறிப் பாலம்வரை துடுப்புப் போட்டோம். நேராகப் போகத் தெரியாமல் பாதி நேரம் வட்டமடித்தோம், அது வேறு கதை. சந்தோஷத்தில் இருவரும் கூச்சல் போட்டோம். ஞாயிறு தவறாமல் அதனடியில் போய்ப் படுத்துக் கிடந்தீர்களே, இதற்குத்தானா?

மிதக்கிற சேதி கேட்டு ஓட்டல்காரர் மறுபடியும் நடையாய் நடக்கிறார். அறுக்கும் எண்ணம் மட்டும் மாறவில்லை. முதலாளி நேரில் வராமல் பேச்சே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அங்கே இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்றீர்கள். அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, இப்போதும் திறக்கப்போவதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் தடுக்கமாட்டேன். நீங்களே வந்து, எங்களை ஏற்றிக்கொண்டு ஒருமுறை போய்வந்து, அதற்கப்புறம் உங்கள் கையால் விற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கையெல்லாம் கொப்புளத்தோடு,
உங்கள் வீட்டுக்காரி