அம்மாவின் இரத்தத்தில் இல்லாதது

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகம், நீயும் மருமகனும் அங்கே அதைவிட நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அம்மா காதில் விழும் என்றுதான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். கொரோனாவிலிருந்து தேறியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க எங்கள் இருவருக்கும் இரத்தம் எடுத்தார்கள். எனக்கு நிறைய இருக்கிறதாம், உன் அம்மாவுக்குத் துளியும் இல்லையாம். குழாயை மாற்றிவிட்டீர்கள் என்று சண்டை போட்டேன். நாங்க என்ன சீட்டா குலுக்குறோம் பெரியவரே என்றாள் லேப் பெண். வேறு லேபிலும் அதே கதை. பாடப்புத்தகம் வாங்கிப் படித்தேன், அதற்குப் பிறபொருளெதிரி என்று பெயராம். காப்பாற்றுகிறவனை எதிரி என்கிற புத்தகத்தை எப்படி நம்புவது? டாக்டரோ வழவழா கொழகொழா. லேசா வந்தவங்களுக்குக் கம்மியாத்தான் ஊறும், சிலருக்குச் சீக்கிரம் வடிஞ்சிடும், வராமலேகூட இருந்திருக்கலாம், இப்ப சொல்ல முடியாதுங்க என்கிறார். வராமலேகூட என்றாரே, அந்த வார்த்தைதான் மண்டையைக் குடைகிறது.

எனக்குக் கொரோனா என்று நான் மாடி அறையில் தனியாகப் படுத்த மறுநாளே, எனக்கும் காய்ச்சல், சோப்பு வாசம்கூடத் தெரியலை, இனி எதுக்குத் தனித்தனியா என்று உன் அம்மா தலையணையோடு வந்துவிட்டாள். ஒரே வீடுதானே என்று அவளுக்குப் பரிசோதனையும் செய்யவில்லை. அன்று சாயங்காலமே, பக்கத்து வீட்ல பால் தீயுது, இந்தப் பொம்பளைக்கு அடுப்பு மேல கண்ணே கிடையாது என்று ஜன்னலோரம் நின்று திட்டினாள். மூச்சுக்குத் திண்டாடிய எனக்கு அப்போது உறைக்கவில்லை. சோப்பு தெரியாத மூக்குக்குப் பால் எப்படித் தெரிந்தது? நீயும் கூட்டோ என்று சந்தேகம். அவளுக்குக் காய்ச்சல் என்று எனக்கே தெரியுமுன், அம்மா பக்கத்துலயே இருப்பாங்க, பயப்படாதீங்கப்பா என்று போனில் சொன்னவள் நீதானே?

பழையதைக் கிளற எழுதவில்லை. உன் சித்திக்கு இப்போது அதே நோய். எனக்குத்தான் ஒரு தடவை வந்து போயிடுச்சே, இனி என்ன பண்ணிடும் என்று உன் அம்மா பையைக் கட்டிவிட்டாள். அன்று சொன்னது பொய்யென்றால் அவள் வெறும் உடம்போடு போகிறாள். கேட்டால், உங்களுக்குச் சந்தேகப் பேய் பிடிச்சிருக்கு என்கிறாள். உள்ளதைச் சொல்லு. பொய்யென்றாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். சித்திக்குக் கஞ்சி கொடுக்க நான் போகிறேன். அவள் என்னோடு பேசி எத்தனையோ வருடமாகிறது, கஞ்சி குடிக்கப் பேச்சு எதற்கு?

நோய்நொடி அண்டாமல் இருவரும் நீடு வாழுங்கள். பதில் என் நம்பருக்கு மட்டும் வரட்டும். அது வரும்வரை உன் அம்மாவின் செருப்பு என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும்.

உன் அப்பா